வாசகர் கேள்வி: 63 பேரா, 89 பேரா?

கேள்வி: உக்ரைன் போர்ச் செய்திகள் நாளிதழில் வருவதற்கு முன்பே ரஷ்ய ராணுவப் பதிவர்கள் டெலிகிராமில் எழுதிவிடுகிறார்கள். 'ஓட்டல் அறையிலிருந்து எழுதும் நிருபரைவிட இவர்களே மேல்' என்கிறான் என் மகன். சரிதானா?

பதில்: பாதி சரி. வெளிநாட்டுச் செய்திப் பிரிவில் 22 வருடம் ஏஜென்சி செய்திகளைத் தமிழாக்கியவன் நான். 'என்று பாதுகாப்பு அமைச்சகம் தெரிவித்துள்ளது' என்ற வால் இல்லாத போர்ச் செய்தி என் மேஜைக்கு வந்ததே அபூர்வம். வாலை வெட்டினால் சில நாள் செய்தியே மிஞ்சாது.

2023 புத்தாண்டு பிறந்த கையோடு, ரஷ்யாவின் பிடியில் இருந்த கிழக்கு உக்ரைன் நகரமான மகியிவ்காவில் ஒரு தொழிற்பயிற்சிப் பள்ளியை, அமெரிக்கா உக்ரைனுக்குத் தந்த ஹிமார்ஸ் ராக்கெட்டுகள் தகர்த்தன. புதிதாகத் திரட்டப்பட்ட ரஷ்ய வீரர்கள் தங்கியிருந்த கட்டடம். இறந்தவர்கள் 63 பேர் என்றது மாஸ்கோ. இரண்டு நாள் கழித்து 89 என்றது. காரணம்? தடையை மீறி வீரர்கள் செல்போன் பேசினார்களாம்! செத்தவன் தலையிலேயே பழியைக் கட்டியாயிற்று. பதிவர்கள் கொதித்துப்போனார்கள். ராக்கெட் எட்டும் தூரத்தில் இத்தனை பேரை ஒரே கூரையின் கீழ் அடைத்தது யார்? வெடிமருந்தையும் அங்கேயே வைத்திருந்தார்களே என்று எழுதினார் பதிவர் இகோர் கிர்கின், 2014-ல் கிழக்கு உக்ரைனில் ரஷ்ய ஆதரவுப் படைக்குத் தலைமை தாங்கியவர். ராணுவத்தைப் பற்றிப் 'பொய்த் தகவல்' பரப்பினால் 15 ஆண்டு வரை சிறை என்று 2022 மார்ச்சிலேயே சட்டம் வந்துவிட்ட நாட்டில், எந்தத் தொலைக்காட்சி இதைக் கேட்டிருக்கும்?

இனி மறுபாதி. 2014 ஜூலை 17 அன்று இதே கிர்கின் பெயரைச் சொல்லி ஆதரவாளர்கள் நடத்திய இணையப் பக்கத்தில் ஒரு பெருமிதப் பதிவு: உக்ரைனின் ஆன்டனோவ் ராணுவ விமானத்தை வீழ்த்திவிட்டோம் என்று. விழுந்தது 298 பேர் பயணித்த மலேசிய விமானம். பதிவு சத்தமில்லாமல் காணாமல் போனது. அந்த வழக்கில் நெதர்லாந்து நீதிமன்றம் 2022 நவம்பரில் கிர்கினுக்கு ஆயுள் தண்டனை விதித்தது, அவர் ஆஜராகாமலேயே. ரஷ்யா அவரைக் கைது செய்தது 2023 ஜூலையில். விமானத்துக்காக அல்ல, தீவிரவாதத்தைத் தூண்டினார் என்று. புதினைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தவர், வேறென்ன!

பதிவர் தன் தளபதியையே வைகிறாரா, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படிப்பேன். எதிரியின் பிணங்களை எண்ணுகிறாரா, தாண்டிப் போய்விடுவேன். பத்திரிகையும் தப்பு செய்யும். இராக்கின் பேரழிவு ஆயுதங்கள் பற்றிய தன் செய்திகள் சில போதிய கண்டிப்போடு சோதிக்கப்படவில்லை என்று நியூயார்க் டைம்ஸ் ஒப்புக்கொண்டபோது 2004 மே ஆகிவிட்டது. படையெடுப்பு முடிந்து ஓராண்டுக்கு மேல். ஆனாலும் அச்சடித்ததை அழிக்க முடியாது பாருங்கள். மகனிடம் அந்த அழிக்கப்பட்ட பதிவைப் பற்றிச் சொல்லுங்கள்.

கேள்வி: அமெரிக்கச் சிப்பாய்களும் இப்படி எழுதினார்களா?

பதில்: இவர்களுக்கு முன்பே. 2004 ஆகஸ்டில் இராக்கின் மோசூலில் நடந்த சண்டையைக் கோல்பி பஸ்ஸல் என்ற சிப்பாய் வலைப்பூவில் எழுதினார், தன் பயத்தையும் சேர்த்து. பத்திரிகைகள் அதைக் கவனித்தன, மேலதிகாரிகளும் கவனித்தார்கள். எழுதுமுன் மேலதிகாரியைக் கலந்துகொள்ள வேண்டும் என்று 2007-ல் ராணுவம் விதியே போட்டது. அதிகாரி பார்த்து அனுப்பும் பதிவுக்கும் என் மேஜைக்கு வந்த அறிக்கைக்கும் என்ன வித்தியாசம், சொல்லுங்கள்.