சுவர் ஏறிக் குதித்தவன் கெட்டுப்போய்விட்டானா?

கேள்வி: நாங்கள் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் இருக்கிறோம். ஒன்பதாவது படிக்கும் மகனை ஏற்காட்டில் ஒரு ஹாஸ்டல் பள்ளியில் சேர்த்து ஒரு வருடம் ஆகிறது. வீட்டில் இருந்தவரை இருட்டில் கொல்லைப்பக்கம் போகவே பயப்படுவான். போன வாரம் ராத்திரி பத்தரை மணிக்கு மூன்று பையன்களோடு காம்பவுண்டுச் சுவர் ஏறிக் குதித்து மாட்டிக்கொண்டான். போனில் கேட்டால் ‘ம்’, ‘சரி’ தவிர எதுவும் வருவதில்லை. கெட்டுப்போய்விட்டானா? வீட்டுக்கே கூட்டி வந்துவிடலாமா?

பதில்: கெட்டுப்போகவில்லை அம்மா. உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது: ‘மூன்று பையன்களோடு.’

இளங்கன்று பயமறியாது என்பார்கள். அது பாதிதான் சரி. பயம் தெரியும், பக்கத்தில் இன்னும் மூன்று கன்றுகள் நின்றால் மறந்துபோகும். அமெரிக்காவில் 2005-இல் வெளியான ஓர் ஆய்வில் 13 முதல் 16 வயதுப் பிள்ளைகளைக் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு ஆடவைத்தார்கள். தனியாக ஆடியபோது பெரியவர்களுக்கும் இவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது இவர்களுடைய துணிச்சல் மளமளவென ஏறியது. 24 வயதைத் தாண்டியவர்களிடம் அப்படி ஏறவில்லை.

பருவ வயதில் மூளையின் ஆசை, பரிசு சம்பந்தப்பட்ட பகுதி சுறுசுறுப்பாகிவிடுகிறது. ‘வேண்டாம், யோசி’ என்று நிறுத்தும் முன்மூளை முழுசாக முதிர 25 வயது பக்கம் ஆகிவிடும். இந்த வயதில் நண்பன் ‘டேய், சூப்பர்டா’ என்பதே பெரிய பரிசு. வீட்டில் என்றால் சாயங்காலத்தோடு நண்பர்கள் கலைந்துவிடுவார்கள். ஹாஸ்டலில் அந்தக் கண்கள் இருபத்துநாலு மணி நேரமும் கூடவே இருக்கும்.

அந்த ‘ம்’, ‘சரி’யும் இதே கதைதான். ஹாஸ்டல் போனில் அவன் பேசும்போது பின்னால் நாலு பேர் வரிசையில் நிற்கலாம். ‘அழுதியா கண்ணா?’ என்று நீங்கள் கேட்டால் அவன் என்னதான் சொல்வான்?

அதனால் போனில் விசாரணை வேண்டாம். அடுத்த ஞாயிறு நேரில் போங்கள். ஒரு பொட்டலம் தட்டுவடை செட் கொண்டுபோங்கள், கூட்டாளிகளுக்கும் சேர்த்து. அவன் தின்று முடிக்கும்வரை சுவரைப் பற்றி மூச்சு விடாதீர்கள். அப்புறம் இருவரும் மட்டும் ஏரிப்பக்கம் நடங்கள். எதிரில் உட்கார்ந்து முகம் பார்த்துக் கேட்பதைவிட, பக்கத்தில் நடந்துகொண்டே கேட்டால் இந்த வயசுப் பையன்கள் நிறையப் பேசுவதைப் பார்த்திருக்கிறேன். ‘ஏன் செய்தாய்?’ என்றால் அவனுக்கே தெரியாது. ‘யார் முதலில் ஏறினது, நீ எத்தனாவது?’ என்று கேளுங்கள், முழுக்கதையும் வரும். ‘வரமாட்டேன் என்றால் கேலி செய்வார்களே’ என்பதும் அதில் வந்துவிடும். அப்போது, கேலிக்கு ஆளாகாமல் நழுவ என்ன சொல்லலாம் என்று சேர்ந்து யோசியுங்கள். ‘வயிறு சரியில்லைடா’ போதும். பொய்தான், பரவாயில்லை.

பள்ளி கொடுத்த தண்டனையை அவன் அனுபவிக்கட்டும். வார்டனிடம் போய்க் கெஞ்சாதீர்கள். ஒன்று மட்டும் பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள்: விளக்கு எத்தனை மணிக்கு அணைகிறது, காலையில் எழுப்பும் மணி எத்தனைக்கு அடிக்கிறது? பருவ வயதில் தூக்கம் வரவைக்கும் ஹார்மோன் ஒன்றிரண்டு மணி நேரம் தாமதமாகத்தான் சுரக்கும். தேவையோ எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம். ஒன்பதரைக்கு விளக்கை அணைத்தால் பத்தரைக்கும் கொட்டக் கொட்ட விழித்திருப்பார்கள். சுவர் அப்போதுதான் கண்ணில் படும்.

ஆனால் சாப்பாடு இறங்காமல் இளைத்துப்போனால், கூட்டாளிகளையே தவிர்த்தால், உடம்பில் காயம் இருந்தால், ‘இருந்து என்ன பிரயோஜனம்’ என்று பேசினால், அது வேறு விஷயம். ராகிங்கோ அதைவிட மோசமானதோ இருக்கலாம். அன்றைக்கே மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். மனநல உதவிக்கு அரசின் டெலி மனாஸ் தொலைபேசி எண் 14416, குழந்தைகள் உதவிக்கு 1098, இரண்டும் இலவசம்.

அப்படி எதுவும் இல்லையென்றால், வீட்டுக்குக் கூட்டி வருவதை முழுப் பரீட்சைக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அவனையும் உட்காரவைத்துப் பேசி முடிவெடுங்கள்.