எரிவதற்குள் ஒரு படம்

கேள்வி: எக்ஸ்ரே லேசரை வைத்து புரதத்தையும் வைரஸையும் படமெடுக்கிறார்களாம். அவ்வளவு உக்கிரமான கதிர் பட்டால் கருகிப் போகாதா? கருகியதைப் படமெடுத்து என்ன பயன்?

பதில்: கருகுவதென்ன, வெடித்தே போகும்! லேசர் துடிப்பு (கணநேரமே பாயும் ஒளி வீச்சு) பட்டதும் எலக்ட்ரான்கள் பிய்த்துக்கொண்டு கிளம்பிவிடும்; மின்னேற்றத்தோடு மிஞ்சிய அணுக்கள் ஒன்றையொன்று தள்ளிச் சிதறும். ஆனால் அணு கனமானதாயிற்றே, நகர்ந்து சிதறச் சில பத்து ஃபெம்டோ விநாடிகளாவது பிடிக்கும். (விநாடியைப் பத்துக் கோடி கோடியாகக் கூறு போட்டால், அதில் ஒரு கூறுதான் ஃபெம்டோ விநாடி.) லேசர் துடிப்போ அதற்குள் முடிந்துவிடும். பொருள் சிதைவதற்குள் ஒளி தன் வேலையை முடித்துக்கொண்டு படம் பதியும் டிடெக்டருக்குப் போய்விடுகிறது. இது நடக்கும் என்று 2000-இல் விஞ்ஞானிகள் ரிச்சர்ட் நியூட்ஸ், யானோஷ் ஹைடு குழுவினர் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். 2006-இல் ஹென்றி சாப்மன் குழு ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் செய்தே காட்டியது.

சரி, பொருள்தான் போய்விட்டதே, அடுத்த படத்துக்கு? அடுத்த பொருள்தான்! அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் 2009-இல் இயங்கத் தொடங்கிய எல்.சி.எல்.எஸ். என்ற எக்ஸ்ரே லேசரில், ஒளிச்சேர்க்கைப் புரதமொன்றின் பொடிப் படிகங்களைத் தண்ணீரில் கலந்து, தலைமுடியைவிட மெல்லிய தாரையாகக் கதிருக்குக் குறுக்கே பீய்ச்சினார்கள். பெரும்பாலான துடிப்புகள் வெறும் தண்ணீரைத்தான் சுட்டன. 2011-இல் வெளியான அந்த ஆய்வில் பதிவான படங்கள் 30 லட்சத்துக்கும் மேல். கடைசியில் கணக்கில் சேர்ந்தவை சுமார் 15,000. அதிலும் ஒவ்வொரு படிகமும் ஒவ்வொரு பக்கம் திரும்பியிருக்கும். எது எந்தப் பக்கம் என்று கம்ப்யூட்டர் கண்டுபிடித்து ஒன்றுசேர்க்க வேண்டும். லேசரை எல்லாரும் புகழ்கிறார்கள்; என்னைக் கேட்டால் பூமாலையில் பாதி இந்தக் கணக்குக்காரர்களுக்குப் போக வேண்டும்.

லாபம் என்ன என்கிறீர்களா? வழக்கமான எக்ஸ்ரே முறையில் புரதத்தைப் பெரிய படிகமாக வளர்ப்பதற்கு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டுவார்கள். சில புரதங்கள் மசியவே மசியாது. இங்கே ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பொடியே போதும். ஆப்பிரிக்கத் தூக்க வியாதியைக் கொண்டுவரும் ஒட்டுண்ணியின் என்சைம் ஒன்றைப் பூச்சியின் செல்லுக்குள்ளேயே படிகமாக்கி, 2013-இல் அதன் வடிவத்தை வெளியிட்டார்கள்.

படிகமே இல்லாமல் ஒற்றைப் புரத மூலக்கூறை அணு அணுவாகப் பார்க்க முடியுமா என்று அடுத்த கடிதம் போட்டுவிடாதீர்கள். அது இன்னும் கைகூடவில்லை. தனி மூலக்கூறு சிதறடிக்கும் ஒளி ரொம்பவே சொற்பம்.