வைரஸைத் திறந்து பார்க்க ஒரு தனி அறை

கேள்வி: விர்ச்சுவல் மெஷினுக்குள் எந்த வைரஸ் ஃபைலைத் திறந்தாலும் என் கம்ப்யூட்டருக்கு ஒன்றும் ஆகாது என்கிறான் நண்பன். நம்பலாமா சார்?

பதில்: பெரும்பாலும் நம்பலாம், கண்ணை மூடிக்கொண்டு வேண்டாம். விர்ச்சுவல் மெஷின் என்பது உங்கள் கம்ப்யூட்டருக்குள்ளேயே மென்பொருளால் உருவாக்கிய இன்னொரு கம்ப்யூட்டர். ஐபிஎம் 1960களிலேயே மெயின்ஃபிரேம் என்ற ராட்சதக் கம்ப்யூட்டர்களில் செய்துகாட்டிய வித்தை இது, 1999-இல் விஎம்வேர் அதைச் சாதாரண பிசிக்குக் கொண்டுவந்தது. உள்ளே போன வைரஸ் அந்த விர்ச்சுவல் மெஷின்தான் முழுக் கம்ப்யூட்டர் என்று நினைத்து ஆடும். நீங்கள் பழைய ஸ்னாப்ஷாட்டுக்கு (முன்பு சேமித்து வைத்த அதன் நிலைக்கு) திரும்பினால் ஆட்டம் காலி.

ஆனால் 2015-இல் 'வெனம்' என்றொரு ஓட்டை அகப்பட்டது. எங்கே தெரியுமா? விர்ச்சுவல் மெஷின்களை இயக்கும் க்யூஇஎம்யு மென்பொருளில் ஃபிளாப்பி டிரைவ் போல நடிக்கும் பகுதியில்! கட்டளைகளை வாங்கி வைக்க அதில் 512 பைட் இடம்தான், அதற்கு மேல் திணித்தால் வழிந்து பக்கத்து நினைவகத்தில் எழுதிவிடும், அந்த வழியாகவே வைரஸ் விர்ச்சுவல் மெஷினை விட்டு வெளியே வந்துவிடலாம். 2004-லிருந்து யார் கண்ணிலும் படாமல் கிடந்திருக்கிறது. ஃபிளாப்பியை யார் தொட்டார்கள், சொல்லுங்கள்! அதே புரோகிராம் கோடைப் பயன்படுத்திய ஸென், கேவிஎம் போன்ற மற்ற விர்ச்சுவல் மெஷின் மென்பொருள்களும் மாட்டின.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது: மென்பொருளை அப்டேட் செய்யுங்கள், ஷேர்டு ஃபோல்டர் (உங்கள் கம்ப்யூட்டரும் விர்ச்சுவல் மெஷினும் பகிர்ந்துகொள்ளும் ஃபோல்டர்), கிளிப்போர்டு பகிர்வு, நெட் மூன்றையும் அணைத்துவிட்டு அப்புறம் ஃபைலைத் திறங்கள். ஷேர்டு ஃபோல்டரைத் திறந்து வைத்திருந்தால் வைரஸுக்கு ஓட்டையே தேவையில்லை.