வெட்டுத்துணி மூட்டையாகச் சேர்ந்துவிட்டது, என்ன தைப்பது என்று தெரியவில்லை. புது யோசனைகள் எங்கிருந்து கிடைக்கும்?

யூடியூபும் பின்டரெஸ்டும் எவ்வளவு பார்த்தாலும் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கிறது என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான். அங்கே நாம் பார்ப்பது எல்லாமே யாரோ தைத்து முடித்த பொருள், அதைப் பார்த்தால் அதையே தைக்கத்தான் தோன்றும், மிஞ்சிப்போனால் நிறத்தை மாற்றுவோம். நான் கும்பகோணத்தில் வீட்டிலேயே பிளவுஸும் பையும் தைத்துக் கொடுப்பவள். புதிதாக ஏதாவது தோன்ற வேண்டுமென்றால் துணியே இல்லாத ஒன்றைப் பார்க்க வேண்டும் என்பதுதான் நான் கண்டது. கல், மாக்கோலம், மரச்சிற்பம், எதுவானாலும் சரி. அதைத் துணிக்குக் கொண்டுவரப் பார்க்கும்போது ஊசிக்கும் நூலுக்கும் முடியாத இடங்கள் நிறைய வரும், அங்கே நீங்கள் எதை விடுகிறீர்கள், எதை மாற்றுகிறீர்கள் என்பதில்தான் உங்கள் டிசைன் பிறக்கிறது.

தாராசுரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐராவதேசுவரர் கோயில், இரண்டாம் ராஜராஜன் காலத்தது, 12ஆம் நூற்றாண்டு, 2004இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தார்கள். வருகிறவர்கள் பெரும்பாலும் தேர்ச்சக்கரமும் குதிரையும் இருக்கிற மண்டபத்தைப் படம் எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். நீங்கள் ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு போய்க் கல் சாளரத்தின் முன்னால் உட்காருங்கள். அதில் கல்லை வரையாதீர்கள், ஓட்டையை மட்டும் வரையுங்கள். வீட்டுக்கு வந்து அந்த ஓட்டைகளைப் பெரிதாக்கி வெளிர்நிறக் காட்டன் துணியில் குறித்துக்கொண்டு, அதன் அடியில் கருநீலமோ அரக்கோ வைத்து, இரண்டையும் சேர்த்து நூலோட்டி நிறுத்திவிட்டு, மேல் துணியில் மட்டும் ஓட்டையை வெட்ட வேண்டும். கோட்டுக்கு உள்பக்கம் கால் அங்குலம் விட்டு வெட்டி, மூலைகளில் கோடுவரை சின்ன வெட்டு கொடுத்து, விளிம்பை உள்ளே மடக்கி ஹெம்மிங் போட்டுக்கொண்டே வந்தால் அடித்துணி ஓட்டை வழியாகத் தெரியும். கல்லில் கட்டைவிரல் அகல ஓட்டைகூட போட முடியும். துணியில் முடியாது, ஏனென்றால் மடக்குவதற்கே இரண்டு பக்கமும் கால் கால் அங்குலம் போய்விடும். அதனால் சில ஓட்டைகளைச் சேர்த்து ஒன்றாக்குவீர்கள், சிலவற்றை விட்டுவிடுவீர்கள். கடைசியில் தலையணை உறையில் வந்து நிற்பது தாராசுரத்துச் சாளரமாக இருக்காது, ஆனால் வேறு யாரிடமும் இல்லாத ஒன்றாக இருக்கும்.

அப்புறம் தொம்பை. துணி என்றாலும் இதைச் சேர்த்துக்கொள்கிறேன், ஏனென்றால் இது நம்மிடம் இருக்கும் வெட்டுத்துணிக்கு நேரடியான பாடம். தேரில் உருளையாகத் தொங்குகிறதே, அதுதான். தேர்ச்சீலை, குடை எல்லாமே துணிமேல் துணி வெட்டி வைத்துத் தைக்கும் வேலைதான், தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் இதைத் தொழிலாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அடுத்த தேரோட்டத்தில் சாமி கும்பிட்ட பிறகு கொஞ்சம் தள்ளி நின்று அந்த நிறங்களைக் கவனியுங்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை, கறுப்பு, அவ்வளவுதான், ஒன்றோடொன்று நேராக மோதும், நடுவில் சமாதானம் செய்துவைக்க ஒரு வெளிர்நிறம்கூட இருக்காது. யாளியும் தாமரையும் தெருமுனையில் நிற்கிறவர் கண்ணுக்கும் தெரிவது அதனால்தான் என்று நான் நினைக்கிறேன். நம் மூட்டையில் இருப்பதோ முப்பது நிறம், எல்லாவற்றையும் ஒரே பையில் வைத்துவிட ஆசை வரும். தயவுசெய்து வேண்டாம். ஐந்து நிறம் எடுத்துவிட்டு மூட்டையைக் கட்டி உள்ளே வைத்துவிடுங்கள். எடுத்த ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போனில் கறுப்பு வெள்ளையாக ஒரு படம் எடுத்துப் பாருங்கள், இரண்டு துணி ஒரே சாம்பல் நிறமாகத் தெரிந்தால் அந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துத் தைப்பதில் பயனில்லை, தூரத்தில் ஒன்றாகக் கலந்துவிடும். பட்டுத் துண்டு இருந்தால் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். திருபுவனம் பட்டின் ஒட்டுத்துண்டு அழகுதான், ஆனால் காட்டனோடு சேர்த்துத் தைத்துத் தண்ணீரில் நனைத்தால் இரண்டும் ஒரே மாதிரி சுருங்காது, அதனால் துவைக்கத் தேவையில்லாத சுவர்த்தொங்கலுக்கோ தாம்பூலப் பையின் வாய்ப்பட்டிக்கோ அதை ஒதுக்கி வைப்பது நல்லது.

கோலத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை, மார்கழியில் நம் தெருவே ஒரு டிசைன் புத்தகம். ஆனால் பூக்கோலத்தை விட்டுவிட்டுச் சிக்குக் கோலத்தை எடுங்கள். கட்டம் போட்ட நோட்டில் புள்ளி வைத்து, கோட்டைக் கை எடுக்காமல் போட்டுப் பார்த்துவிட்டு, கார்பன் பேப்பரால் துணியில் இறக்கிக்கொள்ளலாம். புள்ளிக்கு முடிச்சுத் தையல், கோட்டுக்குச் சங்கிலித் தையல். வளைவில் தையலைச் சின்னதாக்கிக்கொண்டே போனால்தான் வட்டம் வட்டமாக வரும், நேராகப் போகும் இடத்தில் நீட்டிக்கொள்ளலாம். கோடு கோட்டைக் கடக்கும் இடத்தில் எது மேலே எது அடியில் என்று கோலமாவு காட்டாது, நூல் காட்டும்! மேலே, கீழே, மேலே, கீழே என்று மாற்றி மாற்றித் தைத்துப் பாருங்கள், தட்டையான கோலம் பின்னல் மாதிரி எழுந்து நிற்கும். இந்த ஒரு விஷயத்துக்காகவே நான் வருடா வருடம் கோலத்துக்குத் திரும்பிப் போகிறேன்.

கட்டம் என்றதும் மயிலாடுதுறை கூறைநாட்டுக் கூறைப்புடவை ஞாபகத்துக்கு வருகிறது. அந்தக் கட்டம் உங்களுக்கு அளந்து வைத்த வரைபடம். பழைய கட்டம் போட்ட புடவை, லுங்கி, துண்டு எது கிடைத்தாலும் கட்டத்தின் மூலைகளையே புள்ளியாக வைத்து, புள்ளிகளைச் சேர்த்துப் பிடித்துத் தைத்துத் தேன்கூடு மாதிரி வரவைக்கும் தேன்கூட்டுச் சுருக்கம் போடலாம், ஸ்கேலே வேண்டாம். திருவாரூர்ப் பக்கம் போனால் பெரிய கோயில் தேவாசிரிய மண்டபத்தில் கூரையை அண்ணாந்து பாருங்கள், புராணத்து அரசன் முசுகுந்தனின் கதை ஓவியமாக இருக்கிறது, 17ஆம் நூற்றாண்டு. கதையைவிட அதில் இருப்பவர்கள் உடுத்தியிருக்கும் துணிகளின் பூவும் கோடும் எனக்கு முக்கியம்.

பார்ப்பதையெல்லாம் போனில் படமாகச் சேர்க்காதீர்கள், அது இன்னொரு பின்டரெஸ்ட் ஆகிவிடும். பிடித்ததைக் கையகலக் காடாத்துணியில் அன்றோ மறுநாளோ தைத்துப் பார்த்துவிடுங்கள், பாதியில் விட்டாலும் பரவாயில்லை. அந்தத் துண்டுகளைத் தேதி எழுதி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். ஆர்டர் வரும்போது நான் திறப்பது அந்த டப்பாவைத்தான்.

உங்களிடம் சாதாரண மெஷினும் வெட்டுத்துணியும் மட்டும்தான் இருக்கிறது என்கிறீர்கள், அப்படியென்றால் தொம்பையிலிருந்தே தொடங்குங்கள். பன்னிரண்டு அங்குலச் சதுரம், ஐந்து நிறம், ஒரே ஒரு தாமரை. இதழ்களை முதலில் காகிதத்தில் வெட்டி அடுக்கிப் பாருங்கள், கை பழகும்வரை மூன்று அங்குலத்துக்குச் சின்னதாக இதழ் வெட்ட வேண்டாம்.