திருடியதை வாங்க ஆள் வேண்டாமா?

கேள்வி: துப்பாக்கியைத் தொடாமலே கொள்ளையடித்த ஆடம் வொர்த்தை ‘குற்ற உலகின் நெப்போலியன்’ என்று ஸ்காட்லாந்து யார்டே சொன்னதாமே! அத்தனை மூளைக்காரன் எங்கே சறுக்கினான்?
– ஒரு வாசகர், கரூர்

பதில்: கையில் சிக்காதவனைப் பெரிய ஆளாக்குவதில் போலீஸுக்கும் ஒரு சௌகரியம் உண்டு!

1844-இல் ஜெர்மானிய நாடான பிரஷ்யாவில் பிறந்து, ஐந்து வயதில் அமெரிக்கா வந்த தையற்காரர் மகன் வொர்த். நியூயார்க்கில் பிக்பாக்கெட் கூட்டம் ஒன்றுக்குத் தலைவனானான். அங்கே திருட்டுப் பொருள் வாங்குவதில் பெரும்புள்ளி மாண்டல்பாம் என்ற பெண்மணி. அவரும் ஜெர்மனியிலிருந்து வந்தவர்தான். ஜவுளிக்கடை முன்பக்கம், திருட்டு வியாபாரம் பின்பக்கம். திருடியது காசானதே இப்படிப்பட்டவர்களால்தான்.

1869 நவம்பரில் வொர்த்தும் கூட்டாளிகளும் பாஸ்டனின் பாய்ல்ஸ்டன் வங்கியில் கைவைத்தார்கள். பக்கத்துக் கட்டடத்தை வாடகைக்குப் பிடித்து, டானிக் கடை என்று போர்டு. தெருவிலிருந்து உள்ளே பார்வை போகாதபடி ஜன்னல் நிறைய பாட்டில்கள். ராத்திரியில் சுவரைக் குடைந்து, வார இறுதியில் பெட்டகத்தைக் காலி செய்தார்கள். திங்கட்கிழமை வரை யாருக்கும் தெரியாது. ஆனால் பணத்தை டிரங்குப் பெட்டிகளில் அனுப்பியதை வைத்தே பிங்கர்ட்டன் என்ற தனியார் நிறுவனத்தின் துப்பறிவாளர்கள் மோப்பம் பிடித்துவிட, கப்பலேறி இங்கிலாந்துக்கு ஓட்டம்.

சறுக்கல் 1876 மே மாதம். ஏலத்தில் 10,100 கினிக்கு (அந்நாள் பிரிட்டிஷ் பணக் கணக்கு) போன, ஓவியர் கெய்ன்ஸ்பரோவின் ‘டெவன்ஷயர் கோமகள்’ ஓவியத்தை, லண்டனில் ஓவிய வியாபாரி அக்னியூவின் கூடத்திலிருந்து படச்சட்டத்தை ஒட்டி அறுத்துச் சுருட்டினான். போர்ஜரி வழக்கில் சிக்கிய தம்பிக்கு ஜாமீன் தரச் சொல்லி அக்னியூவை மடக்குவதுதான் திட்டம். அதற்குள் வழக்கறிஞர் சட்ட ஓட்டை ஒன்றைப் பிடித்துத் தம்பியை வெளியே கொண்டுவந்துவிட்டார்! ஊரே தேடும் படத்தை எவன் வாங்குவான்? விற்காததால் பங்கில்லை, கூட்டாளிகள் நச்சரித்தார்கள், ஒருவன் சிறையிலிருந்தபடி பிங்கர்ட்டனிடம் சொல்லியும்விட்டான். படமோ அடிப்பலகை இரட்டையான பெட்டியில் கிடந்தது.

மூளை, மூளை என்கிறீர்களே... இளமையில் நியூயார்க்கில் மாட்டியது வண்டியிலிருந்து பணப்பெட்டி எடுத்து. 1892-இல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் மாட்டியதும் அதே வண்டித் திருட்டில்தான். காவலுக்கு நின்ற ஆட்கள் கைவிட, ஏழாண்டு தண்டனை.

1897-இல் வெளியே வந்தான். 1901-இல் பிங்கர்ட்டன் தரகு பேச, சிகாகோ ஹோட்டலில் அக்னியூவின் மகனிடம் படம் போய்ச் சேர்ந்தது. மறு ஆண்டே வொர்த் இறந்தான். அந்தப் படத்தை நல்ல விலைக்கு விற்றது யார் தெரியுமா? அக்னியூதான், வாங்கியவர் கோடீஸ்வரர் ஜே.பி. மார்கன்.