எனக்குப் பிடிக்காத அரசியல்வாதியைப் பொலிஸ் இழுத்துக்கொண்டு போனாலும் நான் கண்டிக்க வேண்டுமா? வன்னியில் இதை எப்படிப் பார்க்கிறார்கள்?

கேட்டவர் குறிப்பிடுவது 2024 மார்ச் 8, சிவராத்திரி இரவு எடுத்த வீடியோவை. வவுனியா வடக்கில், நெடுங்கேணிக்கு அங்கால் ஒலுமடுப் பக்கம் இருக்கிற வெடுக்குநாறி மலையில், அப்போது நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த செல்வராசா கஜேந்திரனைப் பொலிஸார் பிடித்து இழுத்து அப்புறப்படுத்துகிற காட்சி. “அவருடைய அரசியல் எனக்குச் சரிவராது, அதற்காகப் பொலிஸ் செய்தது சரி என்றும் சொல்ல மனம் வரவில்லை” என்று எழுதியிருக்கிறீர்கள்.

கண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த இரவைப் பற்றிக் கதைக்கிறவர்கள் எல்லோரும் கஜேந்திரனைப் பற்றியே கதைத்துக்கொண்டிருப்பதில்தான் எனக்குக் கோபம். அன்றைக்கு அவர் வீட்டுக்குத் திரும்பிவிட்டார். எட்டுப் பேர் திரும்பவில்லை.

நான் வவுனியாவில் ஒரு சட்டத்தரணியிடம் கனகாலம் கிளாக்கராக இருந்தவன். கட்சி எதிலும் இல்லை. கஜேந்திரன் இருக்கிற தமிழ்த் தேசிய மக்கள் முன்னணிக்கு வாக்குப் போட்டதும் இல்லை. அவர்கள் போகிற இடமெல்லாம் கமெராவும் கூடவே போகிறது என்று சலித்துக்கொள்கிற ஆட்களில் நானும் ஒருவன். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பின்னூட்டத்தில் “நீ எந்தக் கட்சி” என்று கேட்கிறவர்களுக்கு வேலை மிச்சம்.

அந்த இரவில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மலையில் ஆதிலிங்கேஸ்வரர் கோயில். தொல்லியல் திணைக்களம் அந்த இடத்தைத் தொல்பொருள் இடம் என்று உரிமை கோரியதிலிருந்து இழுபறிதான். 2023 மார்ச்சில் அங்கிருந்த விக்கிரகங்களை யாரோ உடைத்து எறிந்திருந்தார்கள். பிறகு நீதிமன்றம் போய்த்தான் அவற்றைத் திரும்ப வைத்தார்கள். அடுத்த சிவராத்திரிக்குச் சனம் வந்தபோது பொலிஸ் வாகனங்களை வெகுதூரத்திலேயே மறித்துவிட்டது. காட்டுப் பாதையில் கிழவிகளும் பிள்ளைகளும் நடந்து போனார்கள். குடிதண்ணீர் கொண்டுபோன பவுசரையும் விடவில்லை. பொழுது பட்டதும் எல்லோரும் இறங்க வேண்டும் என்றார்கள். சிவராத்திரி என்றாலே இரவு முழுக்க முழித்திருந்து கும்பிடுகிறதுதானே, யார் இறங்குவார்கள்? பூசை நடந்துகொண்டிருக்கும்போதே உள்ளே புகுந்து, பூசாரி உட்பட எட்டுப் பேரைக் கைது செய்தார்கள். எம்.பி.யை இழுத்த காட்சி அந்தக் குழப்பத்துக்குள் வந்ததுதான்.

அடுத்த நாள் தொடங்கிய வாதத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். “மக்கள் பிரதிநிதிக்கே இந்தக் கதி என்றால் மற்றவனுக்கு?” என்றது ஒரு பக்கம். “தொல்லியல் சட்டத்தை மீறப் போனவருக்கு மாலை போடுவார்களா?” என்றது தெற்கில் இன்னொரு பக்கம். எங்கள் ஆட்களிலேயே மூன்றாவது ஒரு கூட்டம், “படம் காட்டப் போனவர், படம் கிடைத்துவிட்டது, ஏன் அழுகிறார்” என்று நக்கலடித்தது. வன்னிச் சனம் எந்தப் பக்கம் என்றால், தேநீர்க் கடையில் மூன்று பக்கமும் இருந்தது. வன்னிக்கென்று ஒரே கருத்து இருக்கிறது என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் அவர் ஓமந்தையைத் தாண்டி வடக்கே வந்திருக்க மாட்டார்.

மூன்று பக்கமும் கேட்டது ஒரே கேள்விதான்: அந்த மனிசன் நல்லவரா, கெட்டவரா? சட்டம் கேட்பது வேறு. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையைப் பாருங்கள். கைது செய்கிறவர் எதற்காகக் கைது செய்கிறேன் என்று சொல்ல வேண்டும். தப்பி ஓடாமல் இருக்கத் தேவையான அளவுக்கு மேல் பலம் பாவிக்கக் கூடாது. 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுபோக வேண்டும். அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை சித்திரவதையையும் இழிவாக நடத்துவதையும் தடை செய்கிறது, அதற்கு விதிவிலக்கே கிடையாது. பிடிபட்டவர் எந்தக் கட்சி, போன கிழமை மேடையில் என்ன பேசினார் என்று இதில் எங்கேயும் இல்லை. கேட்டவருக்கு என் நேரடிப் பதில் இதுதான். அவரை உங்களுக்குப் பிடித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

சரி, அந்த எட்டுப் பேருக்கு வருவோம். அவர்கள் பிடிபட்டது ஒரு வெள்ளிக்கிழமை இரவு. நீதிமன்றப் பக்கம் வேலை செய்த எவருக்கும் வெள்ளிக்கிழமைக் கைது என்றால் என்ன என்று தெரியும். சனி, ஞாயிறு அலுவலகம் பூட்டு, சட்டத்தரணியைத் தேடிப் பிடிக்க வேண்டும், சொந்தக்காரர் தூரத்தில். முதலில் 12ஆம் திகதி வரை விளக்கமறியல், பிறகு 19 வரை நீடிப்பு. வவுனியாச் சிறையில் அவர்களில் சிலர் சாப்பிடாமல் உண்ணாவிரதம் இருந்தார்கள். 19ஆம் திகதி நீதவான் எல்லோரையும் விடுவித்து வழக்கையும் தள்ளுபடி செய்தார். வழக்கு நிற்கவில்லை. ஆனால் பதினொரு நாள் போனது போனதுதான்.

இதில் சூட்சுமம் எந்தச் சட்டத்தின் கீழ் ஆளைப் போடுகிறார்கள் என்பதில் இருக்கிறது. பொதுத்தொல்லை, கடமைக்கு இடையூறு என்று போட்டால் பெரும்பாலும் அன்றைக்கே பிணை எடுத்துவிடலாம். தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தில் போட்டால் பிணை லேசில் கிடையாது. சிவில் அரசியல் உரிமைகளுக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டத்தில் போட்டால் பிணைக்கு மேல் நீதிமன்றம் போக வேண்டும். அந்தச் சட்டம் உரிமையைக் காக்க வந்தது என்பது இன்னொரு பகிடி. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் போட்டால் கதையே வேறு. கடைசியில் குற்றவாளியாகத் தீர்க்கப்படுவாரா என்பது பொலிஸுக்கு அவ்வளவு முக்கியம் இல்லை. அடைத்து வைத்த நாட்கள்தான் தண்டனை. அதை நீதிமன்றம் பிறகு திருப்பிக் கொடுக்க முடியாது.

பெயர் இருக்கிறவனுக்கும் இல்லாதவனுக்கும் உள்ள வித்தியாசத்துக்குப் பழைய உதாரணம் ஒன்று சொல்கிறேன். 2014 மார்ச் 13ஆம் திகதி கிளிநொச்சி தருமபுரத்தில் பாலேந்திரன் ஜெயக்குமாரியைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைது செய்தார்கள். காணாமல் போன மகனைத் தேடி ஒவ்வொரு ஊர்வலத்திலும் படத்தோடு நின்ற தாய். மூன்று நாள் கழித்து, அதைப் பற்றி விசாரிக்க வந்த மனித உரிமைச் செயற்பாட்டாளர் ருக்கி பெர்னாண்டோவையும் அருட்தந்தை பிரவீன் மகேசனையும் கிளிநொச்சியில் பிடித்தார்கள். உலகம் முழுக்கச் சத்தம். ஜெனீவாவில் மனித உரிமைப் பேரவை கூடியிருந்த நேரம் வேறு. இரண்டு நாளில் அவர்கள் இருவரையும் விட்டுவிட்டார்கள். ஜெயக்குமாரிக்குப் பிணை கிடைத்தது 2015 மார்ச்சில், ஆட்சி மாறிய பிறகு. ஏறத்தாழ ஒரு வருடம் பூசா தடுப்பு முகாமில் இருந்தார். வந்த இருவர் மீதும் எனக்கு ஒரு குறையும் இல்லை. வெளியில் வந்த பிறகும் அவர்கள் அந்தத் தாய்க்காகப் பேசினார்கள். சத்தம் யாரை வெளியே எடுத்தது, யாரை உள்ளேயே விட்டது என்பதைத்தான் சொல்கிறேன்.

2023 ஜூனில் கஜேந்திரனின் கட்சித் தலைவரும் எம்.பி.யுமான கஜேந்திரகுமார் பொன்னம்பலத்தைக் கொழும்பில் கைது செய்து கிளிநொச்சி நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். அன்றே பிணை. 2024 ஜனவரி 5, அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க வவுனியாவுக்கு வந்த நாள், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் சங்கத்துச் சிவானந்தன் ஜெனிற்றாவைக் கைது செய்தார்கள். அவருக்கு விளக்கமறியல். நாடாளுமன்றத்தில் சிறப்புரிமைப் பிரச்சினை கிளப்ப அவருக்கு ஆசனம் இல்லையே.

வீடியோவில் வராத பகுதி ஒன்றும் இருக்கிறது. கெடுபிடி முடிந்து, வாதம் பேஸ்புக்கில் இருந்து இறங்கிய பிறகு, ஊருக்குள் தொலைபேசி அழைப்பு வரத் தொடங்கும். “ஒருக்கா வந்திட்டுப் போங்கோ, சின்ன விசாரணைதான்.” கடிதம் இல்லை, திகதி போட்ட அழைப்பாணை இல்லை. எம்.பி.க்கு இப்படி அழைப்பு வராது. போராட்டத்துக்குத் தறப்பாள் கட்டிக் கொடுத்தவனுக்கு, ஓட்டோவில் ஆட்களை ஏற்றி வந்தவனுக்கு, பொங்கல் பானை கொடுத்த வீட்டுக்காரிக்கு வரும். அதில் போர் முடிந்தபின் அரசின் புனர்வாழ்வு முகாமில் இருந்து வந்த முன்னாள் போராளி யாராவது இருந்தால் சொல்லவே வேண்டாம். 2009க்குப் பிறகு ஏறத்தாழ 12 ஆயிரம் பேர் அந்த முகாம்களுக்குள்ளால் வந்தவர்கள், அதில் கணிசமானவர்கள் இந்த மண்ணிலேயே தோட்டமும் மேசன் வேலையும் செய்துகொண்டிருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் படலையில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றாலே பக்கத்து வீடும் கதவைச் சாத்திவிடும். “சனம் ஏன் போராட்டத்துக்கு வருவதில்லை” என்று வெளிநாட்டிலிருந்து கேட்கிற தம்பிமார் இதை ஒருக்கா யோசிக்க வேண்டும்.

எங்கள் கந்தோருக்கு இப்படி வந்த ஒரு தாயை மறக்கவில்லை. மகனை ஒரு பொலிஸ் நிலையத்தில் வைத்து வாக்குமூலம் எடுத்திருந்தார்கள். முழுக்கச் சிங்களத்தில். அவன் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான். என்ன எழுதியிருந்தது என்று கேட்டால், “நான் சொன்னதைத்தான் எழுதியிருப்பினம்” என்றான். தமிழும் அரசகரும மொழி, அதுவும் வடக்கு கிழக்கில் நிர்வாக மொழி. சட்டத்தில் இருக்கிறது. மேசையில் இருந்து எழுதுகிறவருக்கு அந்த மொழி தெரியாது. அவ்வளவுதான்.

பொலிஸ்காரர் பக்கமும் ஒரு வார்த்தை. எனக்குத் தெரிந்த தமிழ்க் கான்ஸ்டபிள்மார் இருக்கிறார்கள். நாள் முழுக்க வெயிலில் நிற்கவிட்டு, பின்னேரம் “தூக்கு” என்று மேலே இருந்து உத்தரவு வந்தால் தூக்குகிறார்கள். அதே சனத்தோடு சந்தையில் மீன் வாங்க வேண்டியவர்கள் அவர்கள். அந்த உத்தரவை யார் கொடுத்தது என்ற கேள்வி எந்த வாதத்திலும் இரண்டு நாளுக்கு மேல் நிற்பதில்லை. பிறகு எல்லோரும் மறுபடி கஜேந்திரனுக்கே வந்துவிடுவார்கள்.

“சரி, நீதிமன்றம் இருக்கிறதே, முறைப்பாடு செய்யலாமே” என்பீர்கள். செய்யலாம். உச்ச நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போட ஒரு மாதம்தான் தவணை, அதுவும் கொழும்பில். நெடுங்கேணியில் கச்சான் போட்டிருக்கிற ஒருவர் வவுனியாவுக்குப் பஸ் எடுத்து வருவதே ஒரு நாள் வேலை. கொழும்பு போய், சட்டத்தரணிக்குக் கட்டி, தவணை தவணையாக அலைவதைக் கணக்குப் பாருங்கள். அதைவிட, இதே மாதிரித் தொல்லியல் இழுபறியில் இருக்கிற குருந்தூர்மலை பற்றிய வழக்கைப் பார்த்த முல்லைத்தீவு நீதவான் ரி. சரவணராஜா உயிருக்கு அச்சுறுத்தல் என்று சொல்லி 2023 செப்டெம்பரில் பதவியை விட்டே போனார். அதைக் கேள்விப்பட்ட சனத்திடம் போய் “நீ துணிந்து முறைப்பாடு செய்” என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அதனால் நான் சொல்வது சின்ன விஷயங்கள்தான். அடிபட்டிருந்தால் நீதவான் முன் நிற்கும்போதே வாயைத் திறந்து சொல்ல வேண்டும், சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்பக் கேட்க வேண்டும். வெளியில் வந்து ஒரு கிழமை கழித்துக் காயத்தைக் காட்டினால் விழுந்தது என்றுவிடுவார்கள். வாக்குமூலத்தைத் தமிழில் வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வைக்கக் கூடாது. மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு வவுனியாவில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. அங்கே ஒரு மாதத்துக்குள் முறைப்பாடு பதிந்துவிட்டால், அவர்கள் விசாரிக்கிற காலம் உச்ச நீதிமன்றத் தவணையில் கழியாது. இது பலருக்குத் தெரியாமல் தவணை தவறியிருக்கிறது. ஆணைக்குழு பொலிஸ் நிலையத்துக்குப் போய்ப் பார்க்கவும் அதிகாரம் உள்ளது.

உங்களைப் போல வெளியில் இருந்து வாதம் செய்கிறவர்களால் ஆகக்கூடியது ஒன்று. அடுத்த முறை இப்படி ஒரு வீடியோ வந்தால், அதில் தெரிகிற தலைவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும், அதை விடுங்கள். அவரோடு வேறு எத்தனை பேர் பிடிபட்டார்கள், எந்தப் பொலிஸ் நிலையம், எந்தச் சட்டப் பிரிவு, அடுத்த தவணை எப்போது என்று கேட்டு எழுதுங்கள். ஆணைக்குழுவின் அவசர இலக்கம் 1996. நாட்டுக்குள் இருக்கிற எவரும் எடுக்கலாம், பிடிபட்டவரின் சொந்தக்காரராக இருக்க வேண்டியதில்லை.