பழைய விட்டாரா பிரெஸ்ஸாவா, 2022இல் வந்த பிரெஸ்ஸாவா: இரண்டையும் ஓட்டிப் பார்த்ததில் தெரிந்தது

கேட்டவர் சேலத்துக்காரர். மாருதியின் 2021 மாடல் விட்டாரா பிரெஸ்ஸா பெட்ரோல் கார் ஒன்றும், 2022 கடைசியில் பதிவான புதிய பிரெஸ்ஸா ஒன்றும் செகண்ட் ஹேண்டில் பார்த்து வைத்திருக்கிறார். இரண்டுக்கும் விலையில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் வித்தியாசம் வருகிறதாம், அந்தப் பணத்துக்குப் புதியதில் அப்படி என்ன இருக்கிறது என்பது கேள்வி. வீட்டில் வயதான பெற்றோர், வண்டியை அவரும் மனைவியும் ஓட்டுவார்கள், மாதம் ஒருமுறையாவது ஏற்காடு போவார்கள்.

நான் நாமக்கல். எங்கள் குடும்பத்தில் இரண்டு வண்டியும் இருக்கிறது. 2021 ஜனவரியில் நான் எடுத்தது பழைய விட்டாரா பிரெஸ்ஸா, மேனுவல் கியர். என் மச்சினன் 2022 அக்டோபரில் எடுத்தது புதிய பிரெஸ்ஸா, ஆட்டோமேட்டிக். அவசரத்துக்கு அவன் வண்டியை நானும் என் வண்டியை அவனும் எடுத்துக்கொண்டு போவது வழக்கம் என்பதால் இரண்டிலும் நிறைய ஓட்டியிருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பார்க்க இரண்டும் வேறு வேறு வண்டி மாதிரி இருக்கும், ஆனால் அடியில் இருக்கும் எலும்புக்கூடு ஏறக்குறைய ஒன்றுதான். நீளம் இரண்டுக்கும் 3995 மில்லிமீட்டர், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தூரம் 2500, அகலம் 1790, டிக்கி 328 லிட்டர், எல்லாம் அப்படியே இருக்கிறது. உயரம் மட்டும் 45 மில்லிமீட்டர் கூடியிருக்கிறது. அதனால் "புதுசுல இடம் ஜாஸ்தி சார்" என்று விற்பவர் சொன்னால் நம்பிவிடாதீர்கள். பின் சீட்டில் மூன்று பெரியவர்கள் உட்கார்ந்தால் தோள் இடிப்பது இரண்டிலும் ஒரே மாதிரிதான். எங்கள் அப்பா முப்பது வருடம் லாரி ஓட்டியவர். மச்சினன் புது வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியதும் குனிந்து அடியில் பார்த்துவிட்டு, "பொட்டிதான்டா புதுசு, சேஸு நம்முளுதுதான்" என்றார். காருக்கு லாரி மாதிரித் தனி சேஸ் கிடையாது, ஆனாலும் அவர் சொன்னதன் பொருள் சரி.

இன்ஜினும் பெரிய மாற்றம் இல்லை. பழையதில் 1462 சிசி பெட்ரோல், சக்தி 105 பிஎஸ், இழுவிசை 138 நியூட்டன் மீட்டர். புதியதிலும் அதே 1462 சிசிதான், ஆனால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு இன்ஜெக்டர் வைத்த டூயல் ஜெட், 103 பிஎஸ், 137 நியூட்டன் மீட்டர். காகிதத்தில் கொஞ்சம் குறைந்த மாதிரி தெரியும், ஓட்டும்போது காலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. மாறியது பெட்ரோல் குடிக்கும் அளவு. கம்பெனி சொன்ன கணக்கில் பழைய மேனுவல் லிட்டருக்கு 17.03 கிலோமீட்டர், புதியது 20 கிலோமீட்டருக்குப் பக்கம். என் வண்டி நாமக்கல் டவுனுக்குள் 13, சென்னை போய்வந்தால் 17 தரும். மச்சினன் வண்டி ஆட்டோமேட்டிக்காக இருந்தும் பைபாஸில் 18க்குக் குறைந்து நான் பார்த்ததில்லை.

மைலேஜ் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன், இது பலருக்குத் தெரியாமல் போய்விட்டது. சிக்னலில் இன்ஜினைத் தானாக அணைத்து, கிளம்பும்போது சத்தமில்லாமல் எழுப்பும் மைல்ட் ஹைபிரிட் அமைப்பு பழைய பெட்ரோல் வண்டியில் ஆட்டோமேட்டிக்குக்கு மட்டும்தான் இருந்தது. 2022இல் புதியது வந்தபோது மேனுவலுக்கும் கொடுத்தார்கள். அப்புறம் 2023 நடுவில் மேனுவலிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள், பிறகு மேல் வேரியன்ட்டுக்கு, அதாவது வசதியும் விலையும் கூடிய ரகத்துக்கு மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். அதனால் 2023க்குப் பிறகு வந்த கீழ் வேரியன்ட் மேனுவலின் மைலேஜ் கணக்கு 17.38தான், கிட்டத்தட்டப் பழைய வண்டியின் கணக்கு. நீங்கள் பார்த்திருப்பது 2022 கடைசி என்பதால் மேனுவலாக இருந்தாலும் ஹைபிரிட் இருக்கும். சோதனைக்கு ஓட்டும்போது இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு நியூட்ரலில் போட்டு கிளட்சை விட்டுவிட்டு நின்று, அணைந்து எழுகிறதா என்று பாருங்கள்.

சரி, வித்தியாசம் எங்கே? மலையில்.

ஒரு ஆடிப் பதினெட்டுக்குக் கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போனோம், என் பழைய வண்டியில், பெரியவர்கள் நாலு பேர், என் பையன், டிக்கி நிறையச் சாமான். காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவு, அந்த ரோட்டில் போனவர்களுக்குத் தெரியும், ஒரு வளைவு முடிந்து ஸ்டீயரிங்கை நேராக்குவதற்குள் அடுத்தது வந்துவிடும். முப்பதுக்கு மேல் ஏதோ ஒரு வளைவில் மேலிருந்து பஸ் இறங்கிக்கொண்டிருக்க, நான் வளைவின் நடுவில், ஏற்றத்தில், ஒரு சக்கரம் ஓரத்து மண்ணில் இறங்கிய நிலையில் நிற்க வேண்டியதாயிற்று. பின்னால் ஒரு ஜீப் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கிளட்சைப் பாதி விட்டு, ஆக்சிலரேட்டர் கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை இறக்கினால் வண்டி அரை அடி பின்னால் போய்த்தான் பிடித்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். கிளட்ச் கருகிய வாசனை அடுத்த நாலு வளைவு வரைக்கும் வண்டிக்குள் இருந்தது. எனக்கு அந்த ரோடு பழக்கம், அப்பா பக்கத்தில் இருந்தார், சமாளித்துவிட்டேன். அந்த இடத்தில் என் மனைவி ஸ்டீயரிங்கில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று இரவு முழுக்க யோசித்தேன்.

அடுத்த வருடம் அதே ஆடிக்கு மச்சினன் வண்டியை எடுத்துக்கொண்டு போனோம், அன்றைக்கு ஓட்டியது என் மனைவிதான். ஏற்றத்தில் நின்று பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் வண்டி ஓரிரு நொடி அப்படியே நிற்கிறது, அதற்குள் கால் ஆக்சிலரேட்டருக்குப் போய்விடும், பின்னால் ஒரு அங்குலம்கூட நகரவில்லை. இதற்குப் பெயர் ஹில் ஹோல்டு, இ.எஸ்.பி.யோடு சேர்ந்து வருவது. ஈர ரோட்டில் வளைவில் திரும்பும்போது வண்டியின் பின்பக்கம் வழுக்க ஆரம்பித்தால் எந்தச் சக்கரத்தைப் பிடித்தால் வண்டி நேராகுமோ அந்தச் சக்கரத்துக்கு மட்டும் தானே பிரேக் போடும், அதுதான் இ.எஸ்.பி.யின் வேலை. 2022இல் புதிய பிரெஸ்ஸா வந்தபோது கீழ் வேரியன்ட்டிலிருந்தே இ.எஸ்.பி. இருந்தது. என் பழைய மேனுவலில் அது கிடையாது. ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு, மழைக்காலத்தில் மூடுபனி வேறு. மாதாமாதம் அங்கே போகிறவருக்கு, அதுவும் இரண்டு பேர் மாறிமாறி ஓட்டும் வீட்டுக்கு, நீங்கள் கேட்ட ஒன்றரை லட்சத்தில் பாதி இந்த ஒன்றுக்கே சரியாகப் போய்விடும் என்று நான் நினைக்கிறேன்.

மீதிப் பாதி கியர் பாக்ஸில் இருக்கிறது, ஆட்டோமேட்டிக் பார்ப்பதாக இருந்தால். பழைய ஆட்டோமேட்டிக்கில் நாலு கியர்தான். ஒரு கியருக்கும் அடுத்ததற்கும் இடைவெளி பெரிது, மலையில் மிதித்தால் ஒரு கியர் குறைத்துக்கொண்டு இன்ஜின் ஓவென்று அலறும், ஆனால் அந்தச் சத்தத்துக்கேற்ற இழுப்பு இருக்காது. புதியதில் ஆறு கியர். இடைவெளி குறைவு, அதனால் ஏற்றத்தில் சரியான கியரில் நிற்கிறது, பைபாஸில் நூறில் போகும்போது இன்ஜின் அமைதியாக இருக்கிறது. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் விரலால் கியர் மாற்றும் பேடில் கொடுத்திருக்கிறார்கள், அதை ஏறுவதைவிட இறங்குவதற்குப் பயன்படுத்துங்கள். கொல்லிமலை இறங்கும்போது இரண்டாவது கியரில் பிடித்துவைத்தால் பிரேக்கை மிதித்துக்கொண்டே வர வேண்டியதில்லை, கீழே வந்து சேரும்போது சக்கரத்தில் சூடு வாசனையும் இருக்காது. பழைய நாலு கியர் ஆட்டோமேட்டிக்கை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் உங்கள் தேவைக்கு நான் வேண்டாம் என்றே சொல்வேன்.

பெற்றோர் விஷயத்துக்கு வருகிறேன். பழையதில் பின் சீட்டுக்குத் தனி ஏசி வென்ட் இல்லை. சித்திரை வெயிலில் மதியம் இரண்டு மணிக்கு வண்டியை எடுத்தால் முன்னால் இருக்கிற எனக்குக் கை விரைக்கும், பின்னால் அம்மா ஜன்னலில் துண்டைச் செருகி வெயிலை மறைத்துக்கொண்டு வியர்வையைத் துடைத்தபடி வருவார். குளிர் பின்னால் போய்ச் சேரக் கால் மணி நேரம் ஆகும். புதியதில் நடுவில் பின்பக்கம் பார்த்து வென்ட் இருக்கிறது. சின்ன விஷயம்தான், ஆனால் மச்சினன் வண்டியில் ஒருமுறை திருச்சி போய்வந்த பிறகு அம்மா எங்கே போவதென்றாலும் "தம்பி வண்டியைக் கேளேன்" என்கிறார்.

சன்ரூஃப், 9 அங்குலத் திரை, கண்ணாடி முன்னால் வேகம் காட்டும் ஹெட் அப் டிஸ்ப்ளே, நாலு பக்கமும் காட்டும் 360 டிகிரி கேமரா, இவை எல்லாம் மேல் வேரியன்ட்களில்தான் வரும். கேமரா மட்டும் உண்மையிலேயே உதவும், குறுகலான சந்தில் வீடு இருப்பவர்களுக்கு. சன்ரூஃபை நம் ஊர் வெயிலில் வருடத்துக்கு எத்தனை நாள் திறப்பீர்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஏர்பேக் விஷயத்தில் கவனமாக இருங்கள். 2022இல் புதியது வந்தபோது ஆறு ஏர்பேக் உச்ச வேரியன்ட்டில் மட்டும்தான், மற்றதில் இரண்டு. எல்லா வேரியன்ட்டிலும் ஆறு என்று ஆனது 2025இல். ஆகவே நீங்கள் பார்க்கும் வண்டி எந்த வேரியன்ட் என்பதை ஆர்.சி.யில் பாருங்கள், விற்பவரின் வாய்வார்த்தையை வைத்து முடிவு செய்யாதீர்கள். "பிரெஸ்ஸா நாலு நட்சத்திரம் வாங்கின வண்டி" என்றும் சொல்வார்கள். கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு அந்த நாலு நட்சத்திரத்தைக் கொடுத்தது 2018இல், பழைய விட்டாரா பிரெஸ்ஸாவுக்கு. அதைத் தூக்கிப் புதிய வண்டியின் மேல் ஒட்டக்கூடாது.

பழைய வண்டிக்கு ஆதரவாகப் பேச ஒன்றுமே இல்லையா என்றால், நிச்சயம் இருக்கிறது. என் வண்டியை இன்றைக்கும் விற்கும் எண்ணம் எனக்கில்லை. நாலு வருடத்துக்கு மேல் ஆகியும் ஆயில், ஃபில்டர், பிரேக் பேட், ஒரு பேட்டரி தவிர வேறு செலவு வைத்ததில்லை. உள்ளூரில் எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு வேலை பார்ப்பார். சமவெளியில் மட்டும் ஓட்டுகிறவர், மேனுவல் போதும் என்பவர், அந்த ஒன்றரை லட்சத்தை மிச்சம் பிடித்துக்கொண்டு தாராளமாகப் பழையதை வாங்கலாம். அப்படித் தேடுபவர்கள் 2020 கடைசியிலிருந்து 2022 வரை வந்த டொயோட்டா அர்பன் க்ரூசரையும் பாருங்கள். முன்பக்கமும் பேட்ஜும்தான் வேறு, உள்ளே அதே விட்டாரா பிரெஸ்ஸா.

டீசல் பற்றிக் கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2016இலிருந்து 2020 வரை வந்த 1248 சிசி டீசல் 200 நியூட்டன் மீட்டர் இழுக்கும், அதுவும் குறைந்த சுற்றிலேயே. கொல்லிமலையில் அதன் இழுப்பு இந்தப் பெட்ரோல் இரண்டிலும் வராது. ஆனால் பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது அது நின்றுபோனது, இன்றைக்குக் கிடைப்பவை நிறைய ஓடித் தேய்ந்தவை.

இதைப் படித்துவிட்டுச் "செகண்ட் ஹேண்ட் எதற்கு, புதிதாகவே எடுத்துவிடலாம்" என்று தோன்றினால் வரியையும் கணக்கில் வையுங்கள். நாலு மீட்டருக்குள் இருப்பதால் சின்ன கார் வரி என்று பலர் நினைக்கிறார்கள். பெட்ரோல் வண்டி 1200 சிசிக்குள்ளும் இருந்தால்தான் அந்தச் சலுகை. பிரெஸ்ஸா 1462 சிசி என்பதால் 2025 செப்டம்பர் ஜி.எஸ்.டி. மாற்றத்துக்குப் பிறகும் 18 சதவீதத்தில் வராது, 40 சதவீதத்தில்தான் வரும். அதற்கு மேல் தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து சாலை வரி, 5 முதல் 10 லட்சம் வரை உள்ள வண்டிக்கு 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டினால் 18. விலை அந்தப் பத்து லட்சத்தைக் கொஞ்சம் தாண்டும் வேரியன்ட்டில் வரி மட்டும் ஐம்பதாயிரம் கூடிவிடும்.

உங்கள் கேள்விக்கு என் பதில்: 2022 வண்டியை எடுங்கள், முடிந்தால் ஆட்டோமேட்டிக். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் பதிவு எண்ணை எடுத்துக்கொண்டு ஒரு சர்வீஸ் சென்டரில் சர்வீஸ் ஹிஸ்டரி கேளுங்கள். நான் என் தங்கைக்கு ஒரு வண்டி பார்த்தபோது பழைய கார் விற்கும் கன்சல்டிங்கில் மீட்டர் 38,000 காட்டியது, ஹிஸ்டரியில் அதற்கு ஏழு மாதம் முன்னாலேயே 61,000. டயரின் பக்கத்தில் இருக்கும் நாலு எண்ணையும் பாருங்கள், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். பிறகு உங்கள் மனைவியை ஓட்டச் சொல்லி, நீங்களும் பெற்றோரும் பின்னால் உட்கார்ந்து, ஏற்காடு அடிவாரத்திலிருந்து மூன்று வளைவு ஏறி, ஏற்றத்தில் ஒருமுறை நிறுத்திக் கிளப்பிப் பாருங்கள்.